போறன், வந்திட்டன்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எழுதத் தெரிந்தவர்கள் எவ்வளவோ பேர் இருக்கும்போது நான் எழுத உட்கார்ந்தது சரியா என்று எனக்கே தெரியவில்லை. ஓ.எல். பரீட்சையோடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு என் கை எழுதியதெல்லாம் அளவுகள்தான்: தோள், மார்பு, இடுப்பு, நீளம். நான்கு பேர் இருக்கிற இடத்தில் என் பெயரைச் சொல்லச் சொன்னாலும் எனக்கு வியர்க்கும். ஆனால் ஒருவரைப் பற்றி ஒரு தடவையாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். வாயால் வராது. அதனால் தாளில் எழுதுகிறேன்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. மறைப்பதற்காக அல்ல. நான் அவரை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது எழுதினால் வேறு யாரையோ எழுதுவது போலிருக்கும்.

எங்கள் பக்கத்தில் அவரை மீற்றர்காரர் என்பார்கள். மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக வந்து மின்சார மீற்றரை வாசித்துத் துண்டு எழுதிக் கொடுப்பது அவருடைய வேலை. செங்கலடி, கரடியனாறு என்று சுற்றிவிட்டு, முகத்துவாரத்துப் பக்கம் மாதத்தில் இரண்டு நாள் வருவார். அவருக்கு முன்னால் இருந்தவர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. துண்டு மட்டும் கதவிடுக்கில் கிடக்கும். இவர் வாசல் படலையைச் சாத்தும்போது, "போயிட்டு வாறன் அக்கா. இனி அடுத்த மாசம் எட்டாந்திகதிதான்" என்பார். யாரும் கேட்டதில்லை. ஆனால் எட்டாந்திகதி வந்து நிற்பார். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் கட்டிக் கிடக்கிற நாயிடமாவது சொல்லிவிட்டுத்தான் போவார். பக்கத்து வீட்டு மாமி அதைத் தன் கண்ணால் கண்டவர்.

"நாயிட்டச் சொல்லுறாருகா, போயிட்டு வாறன் எண்டு. அதுவும் தலைய ஆட்டினது" என்று மாமி ஒரு வாரம் சொல்லிச் சிரித்தார்.

மாமி எனக்குச் சொந்தமில்லை. ஒரே வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பதால் மாமி. என் வீட்டில் அம்மா போன பிறகு நான் மட்டும்தான். வாவிக் கரையில் சின்ன வீடு. முன் அறையில் யன்னலோரம் கால் மெஷின். யன்னலால் பார்த்தால் தண்ணீர், தண்ணீருக்கு அங்கால் முகத்துவாரம், அதற்கும் அங்கால் கடல். காலை எட்டு மணியிலிருந்து இருட்டும் வரை நான் அந்த யன்னலில்தான் இருப்பேன். ரேடியோ பாடும். சட்டைக்கு ஆள் வந்தால் பேசுவேன். வராத நாளில் என் குரலை நானே கேட்காமல் படுத்துவிடுவேன். அப்படி எத்தனையோ நாள்.

ஒரு பின்னேரம் அவர் வாசிப்பு நாள் இல்லாத நாளில் வந்து நின்றார். தோளில் பெரிய சுருட்டு ஒன்று, பந்தல் துணி போல.

"தையல் எண்டு போர்ட் போட்டிரிக்கீங்க. சட்டை இல்ல அக்கா, பாய் ஒண்டு தைக்கோணும்."

படுக்கிற பாய் என்று நினைத்தேன். விரித்தபோதுதான் அது பாய்மரத்துப் பாய் என்று தெரிந்தது. கண்ணாடி போல் தெரிகிற கடினமான பிளாஸ்ரிக், ஓரமெல்லாம் தடித்த துணி. என் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடந்தது. நடுவில் ஒரு முழத்துக்குக் கிழிசல்.

அவர் முன்பு மேற்குக் கரையில் ஒரு கடற்கரை ஹொட்டலில் வேலை செய்தவராம். வெள்ளைக்காரர்கள் பலகையின் மேல் பாய் கட்டி நின்றுகொண்டு ஓடுவதைப் பார்த்துத் தானும் பழகியிருக்கிறார். ஹொட்டலை மூடியபோது ஒரு பழைய பலகையையும் பாயையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். எங்கள் கரையில் அப்படி ஒன்றை யாரும் கண்டதில்லை. தோணிக்காரர்கள் முதலில், "நிண்டுகொண்டு போறாரு, இரிக்க இடமில்லாத தோணி போல" என்று சிரித்தார்கள். பிறகு அவர் எந்தக் காற்றிலும் தாங்கள் சவள் துடுப்புப் போட்டுப் போகிற வேகத்தைப்போல நாலு மடங்கு போவதைக் கண்டு சிரிப்பை விட்டார்கள்.

அந்தப் பாயை இரண்டு பேருமாகத்தான் தைத்தோம். நான் மெஷினில், அவர் அந்தப் பக்கத்தில் நிலத்தில் முழங்காலில் நின்று பாயின் பாரத்தைத் தாங்கிப் பிடித்து, ஊசி போகிற வேகத்துக்குத் தள்ளித் தந்தார். இரண்டு ஊசி முறிந்தது. புத்தகப் பை தைக்கிற ஊசியும் நைலோன் நூலும் போட்டுக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. அவ்வளவு நேரமும் நாங்கள் பேசியது, "கொஞ்சம்", "ம்", "இப்ப" என்கிற மூன்று சொல்தான். எனக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை.

முடிந்ததும் அவர் கேட்டார்.

"அக்கா, உங்களிட்ட ஒண்டு கேக்கலாமா? நான் தண்ணிக்குப் போகக்குள்ள இந்த யன்னலுக்கிட்ட வந்து போறன் எண்டு சொல்லுவன். வந்தா வந்திட்டன் எண்டு சொல்லுவன். அஞ்சரைக்கு வந்து சொல்லல்ல எண்டா வாடியில இரிக்கிற தோணிக்காரரிட்ட ஒரு சொல்லுச் சொல்லிருங்க. அவ்வளவுதான் உங்கட வேலை."

வாடி என்றால் மீன்பிடிக்காரர் வலையும் இயந்திரமும் வைக்கிற ஓலைக் கொட்டில். என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

"அவங்களிட்டயே சொல்லலாந்தானே" என்றேன். அது நான் அவரிடம் பேசிய முதல் முழு வசனம் என்று நினைக்கிறேன்.

"அவங்க ஒரு நேரம் இரிப்பாங்க, ஒரு நேரம் கடலில நிப்பாங்க. நீங்க எப்பயும் இரிக்கீங்க."

நான் எப்போதும் இருக்கிறேன் என்பதை அதற்கு முன் யாரும் ஒரு உதவியாகச் சொன்னதில்லை.

அப்படித் தொடங்கியது. வேலை முடிந்து மூன்றரை மணிக்கு வருவார். பலகையை என் வீட்டுப் பக்கச் சுவரோடு சாத்தி வைக்க இடம் கொடுத்திருந்தேன். பாயைக் கட்டிவிட்டுத் தண்ணீர் ஓரத்தில் ஒரு தேங்காய்ப் பொச்சு மட்டையை எறிவார். அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, அதோடு கரையில் தானும் நடப்பார். சில நாள் மட்டை அவருக்குப் பின்னால் வரும், சில நாள் முன்னால் போகும். மட்டை எந்தப் பக்கம் போனதோ அதற்கு எதிர்ப்பக்கமாகத்தான் முதலில் பாயைத் திருப்புவார். களைத்துத் திரும்பி வரும்போது தண்ணீரே கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பிறகு யன்னலுக்கு வந்து, "போறன். சவுக்கு மரப் பக்கம்" என்பார். அல்லது, "போறன். வெளிச்சவீட்டப் பாத்து." வெளிச்சவீடு முகத்துவாரத்தில் நிற்கிற கலங்கரை விளக்கம். எந்தப் பக்கம் என்பதைச் சொல்லாமல் ஒரு நாளும் போனதில்லை.

நான் பதில் சொன்னதில்லை. கையால் மெஷின் சில்லைப் பிடித்து நிறுத்துவேன். சத்தம் நின்றால் நான் கேட்டுவிட்டேன் என்று அவருக்குத் தெரியும். அவர் நாலு அடி போன பிறகு திரும்ப மிதிப்பேன். வந்ததும் அப்படித்தான். "வந்திட்டன்." மெஷின் நிற்கும். அதுதான் எங்கள் பேச்சு.

ஒரு நாள் காற்று பாதியில் விழுந்து, எங்கேயோ கரையேறி, பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். ஐந்தரை தாண்டி இருபது நிமிடம். நான் எழுந்து வாசலுக்கும் யன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஊரிச் சிப்பி வெட்டிக் காலில் இரத்தம். பலகையை இறக்கி வைக்கவும் இல்லை, காலைக் கழுவவும் இல்லை, தலையில் பாரத்தோடேயே யன்னலுக்கு வந்து, "வந்திட்டன்" என்றார். மெஷின் ஓடிக்கொண்டிருக்கவில்லை. நிறுத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் நான் சில்லைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அதைப் பார்த்தார். பிறகுதான் பலகையை இறக்கினார்.

ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை. ஒரு மழை நாளில் தாவாரத்தில் ஒதுங்கி நின்றபோது அவராகவே சொன்னார். மழைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது, ஆனால் விளங்கியது.

"எங்கட அண்ணன் ஒரு நாள் காலமை சைக்கிள எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டவரு. அந்தக் காலம் உங்களுக்குத் தெரியுந்தானே. எங்க போறன் எண்டு சொல்லல்ல. நான் வாசலிலதான் நிண்டன், கேக்கல்ல. மறுகா வரவே இல்ல. அம்மா எங்கயெல்லாமோ போய்ப் பாத்தா. சாகுமட்டும் என்னட்டக் கேட்டது ஒண்டுதான். எந்தப் பக்கமடா போனவன், ரோட்டால இடப்பக்கமா வலப்பக்கமா? அது தெரிஞ்சிரிந்தா அந்தப் பக்கமாவது பாத்துக்கொண்டு இரிந்திரிப்பா."

மழை விட்டதும், "போறன்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் போனார்.

தண்ணீரைப் பற்றி அவர் சொன்னது இன்னொன்று நினைவிருக்கிறது. முகத்துவாரம் வருடத்தில் பல மாதம் மணல் மூடிக் கிடக்கும். அப்போது வாவி குளம் மாதிரி. மாரியில் மழை வெள்ளம் ஏறி வட்டை வயல்வெளி மூழ்கத் தொடங்கினால் மணலை வெட்டி விடுவார்கள். வெட்டியதும் வாவித் தண்ணீர் முழுவதும் அந்தச் சின்ன வாயால் கடலுக்குப் பாயும். அந்த நாட்களில் தோணிக்காரரே வாய்க்குக் கிட்டப் போக யோசிப்பார்கள். இவருக்கு அந்த நாட்கள்தான் பிடிக்கும்; மட்டைக் கணக்கையும் அப்போது விட்டுவிடுவார். கடலிலிருந்து வாடைக் காற்று உள்ளே தள்ளும், வாவித் தண்ணீர் வெளியே இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் பாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பலகைக்கு அடியால் தண்ணீர் கிழித்துக்கொண்டு ஓடும். கரையிலிருந்து பார்த்தால் அவர் இருந்த இடத்திலேயே இருப்பார். மெஷின் ஊசி போலத்தான், அவ்வளவு வேகம், ஆனால் ஒரே இடம்.

"அந்தக் காத்து ஒரு சீராய் அடிக்காது அக்கா. தண்ணி கறுத்துக்கொண்டு வந்தா அடி வருது எண்டு அர்த்தம். அப்ப பாயப் பிடிச்ச பின்னங்கைய இளக்கி விட்டிரணும். இறுக்கிப் பிடிச்சா தூக்கி எறியும்" என்றார். "பெரிய காத்துக்குப் பயமில்ல. காத்து விழுந்தாத்தான் பயம். காத்து விழுந்தா தண்ணி கொண்டுபோயிரும்."

"கொண்டுபோனா?"

"பலகைய விட மாட்டன். நீந்தப் பாக்கிறவன்தான் சாகிற. பலகையில ஏறி இரிப்பன், ஆராவது வருமட்டும்."

ஆராவது என்று அவர் சொன்னது என்னைத்தான் என்பது எனக்கு அப்போது சரியாக விளங்கவில்லை.

செட்டிபாளையத்தில் ஒரு செத்த வீட்டுக்கு நான் போயிருந்த நாளில் நல்ல காற்றாம். நான் திரும்பி வந்ததும் மாமி வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"ஒன்ட மீற்றர்காரரு பாயெல்லாம் கட்டிப்போட்டு மணலில குந்திக்கொண்டு இரிந்தாருகா. ஏன் போகல்ல எண்டு கேட்டன். சொல்ல ஆள் இல்லயாம். என்னட்டச் சொல்லிட்டுப் போங்களன் எண்டன். நீங்க மறந்திருவீங்க மாமி எண்டாரு. கேட்டியா கதைய."

நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டேன். மாமி விடவில்லை.

"என்ட மனிசன் நாப்பது வருசமா எங்க போறன் எண்டு ஒரு நாள் சொன்னதில்ல. கட்டாத ஒனக்கு வந்து போகக்குள்ள ஒண்டு, வரக்குள்ள ஒண்டு. குடுத்துவச்சவள் நீ."

மாமி பொல்லாதவர் இல்லை. அவருக்கு வாயில் சர்க்கரையும் மிளகாயும் ஒரே டப்பாவில். ஆனால் அந்தக் கதை மாமியின் வேலியோடு நிற்கவில்லை. மாதர் சங்கக் கூட்டத்துக்கு நான் போனபோது இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி மெல்ல, "போறன்" என்றாள். மற்றவள், "வந்திட்டன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து அன்றைக்கு ஒரு சட்டைக்குக் கழுத்தைப் பின்பக்கம் வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தேன்.

அடுத்த நாள் அவர் யன்னலுக்கு வந்தபோது மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"இனி இஞ்ச வந்து சொல்லாதீங்க. ஆக்கள் கதைக்கிறாங்க."

அதைச் சொல்ல நான் இரவு முழுவதும் சொல் தேடியிருந்தேன். அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார், அவ்வளவுதான்.

"நான் அத யோசிக்கல்ல அக்கா. மன்னிச்சிக்கங்க. அப்ப இப்படிச் செய்வம். இந்தத் துவாய வேலி முனையில போடுறன். வலைக் கம்புகள் இரிக்கிற உள்பக்கம் போனா சும்மா போடுவன். முகத்துவாரத்துப் பக்கம் எண்டா ஒரு முடிச்சுப் போட்டு விடுவன். துவாய் கிடந்தா நான் தண்ணியில. இல்லாட்டிக் கரையில. உங்களுக்குக் கண்டாப் போதும், ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது."

நீலக் கோடு போட்ட துவாய். தலை துவட்டுவதற்குக் கொண்டுவருவது. எனக்கும் மாமிக்கும் பொதுவான வேலியின் முனையில் அன்றைக்கே போட்டார். பலகையையும் மோட்டார் சைக்கிளையும் வாடிக்கு மாற்றிவிட்டார்.

ஊர் வாய் மூடிக்கொண்டது. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். மூன்றரைக்குத் துவாய் விழும், ஐந்தரைக்கு முன் போய்விடும். ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் மெஷினை நிறுத்துவதற்கு ஒன்றும் இல்லை. சில நாள் துவாய் விழுவதைக் கண்டதும் சில்லைப் பிடித்து நிறுத்திப் பார்த்தேன். கேட்க ஆள் இல்லாமல் அது வெறும் சத்தம் நின்றது போலத்தான் இருந்தது.

அவர் இப்போது எங்கள் பக்கத்தில் இல்லை. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதற்கெல்லாம் அடுத்த வருடம் சித்திரைக்கு முன்னால் வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்தது. போகிற அன்று யன்னலுக்கே வந்தார். "போறன்" என்றார். ஊரின் பெயரையும் சொன்னார். நான் சில்லைப் பிடித்தேன். ஏழு வருடம் ஆகிறது. மற்றச் சொல்லை அவர் இன்னும் வந்து சொல்லவில்லை.

நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின மார்கழியில் நடந்தது.

அந்த வாரம்தான் முகத்துவாரத்தை வெட்டியிருந்தார்கள். தண்ணீர் மண் நிறத்தில் ஆற்றுவாழைச் செடிகளை அள்ளிக்கொண்டு கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நல்ல வாடைக் காற்று, விட்டு விட்டு அடித்தது. மூன்றரைக்கு அவர் மட்டையை எறிவதை யன்னலால் பார்த்தேன். மட்டை அவருக்கு முன்னால் ஓடியது. அவர் நடையைக் கூட்டினார், பிறகு நின்றுவிட்டார். வேலிக்கு வந்து துவாயைப் போட்டார். முடிச்சு இருந்தது. யன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

பாய் முகத்துவாரத்துக்குக் கிட்டப் போய் நின்றது. சரிந்தது, நிமிர்ந்தது, மறுபடி சரிந்தது. நாலு மணி தாண்டியதும் வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஒரே அடியாக மழை. யன்னலால் சாரல் வந்து, தைத்து வைத்திருந்த பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளில் பட்டது. நான் ஓடிப்போய் யன்னலைச் சாத்தினேன், சட்டைகளை உள்ளறைக்கு எடுத்துப்போனேன், ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்தேன். மழை அரை மணி நேரம் பெய்து நின்றது. நான் யன்னலைத் திறந்து முதலில் வேலியைத்தான் பார்த்தேன். துவாய் இல்லை.

வந்துவிட்டார். மழைக்கு முன்னமே வந்துவிட்டார். தேத்தண்ணீர் போட்டுக் குடித்தேன். மழை முடிந்து வெளியே ஒரு ஓலை கூட அசையவில்லை. காற்று அப்படியே விழுந்துவிட்டது. நல்ல காலம் கரைக்கு வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ரேடியோவைப் போட்டேன். அடுத்த நாள் கொடுக்க வேண்டிய சட்டைகளை ஒவ்வொன்றாக அயன் பண்ணினேன். தண்ணீர்ப் பக்கம் ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவை இருக்கவில்லை.

ஐந்தே முக்காலுக்கு மாமி வந்தார். கையில் மடித்த துணிகள்.

"இந்தா புள்ள, ஒன்ட துவாயும் வேலியில கிடந்தது. மழை வரக்குள்ள என்ட உடுப்போட சேத்து உள்ளுக்கு எடுத்துப் போட்டன். ஆரோ முடிச்சும் போட்டு வச்சிரிக்கு. அவிட்டுத்தான் மடிச்ச."

மழைக்கு முன்னால் அடுத்த வீட்டுக் கொடியில் கிடக்கிற உடுப்பையும் சேர்த்து அள்ளுவது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வது. நானும் மாமிக்கு எத்தனையோ தடவை செய்திருக்கிறேன்.

"எத்தின மணிக்கு எடுத்தீங்க மாமி?"

"மழைக்குத்தான்கா. நாலேகால் இரிக்கும். ஏன், முகம் இப்படிப் போகுது?"

நான் துவாயைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். செருப்புப் போடவில்லை. வாடியில் ஏழெட்டு ஆம்பிளைகள் கார்ட்ஸ் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசலில் நான் அதுவரை கால் வைத்ததில்லை.

"அவரு வரல்ல" என்றேன்.

"ஆரு?" என்று ஒருவர் கேட்டார்.

பெயர் என் வாயில் வரவில்லை.

"போறன் எண்டு சொல்லிப் போனவரு. மீற்றர்காரரு. தண்ணியில நிக்காரு."

ஒருவரும் சிரிக்கவில்லை. இயந்திரப் போட்டுக்காரர் ஒருவர் கார்ட்ஸைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். வாடி மூலையைப் பார்த்தார். பலகை அங்கே இல்லை. மோட்டார் சைக்கிள் மட்டும் நின்றது.

"எத்தின மணிக்குப் போனவரு? எந்தப் பக்கம்?"

"மூண்டரைக்கு. முகத்துவாரத்துப் பக்கம், வெளிச்சவீட்டப் பாத்து."

அந்த இரண்டு கேள்விக்கும் எனக்கு விடை தெரிந்திருந்தது. அதை மட்டும் நான் எனக்காகச் சொல்லிக்கொள்ளலாம்.

"காத்து விழுந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல போயிட்டு. தண்ணி வெளிய எடுத்திரிக்கும்" என்றார் அவர். நாலு பேராகப் பைபர் போட்டை இறக்கினார்கள். வாயைத் தாண்டும்போது போட் மூக்கை மேலே தூக்கிக் கீழே விழுந்தது. பிறகு இயந்திரச் சத்தம் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

கரையில் ஆட்கள் கூடினார்கள். மாதர் சங்கத்தில் சிரித்தவர்களும் வந்து நின்றார்கள். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். என் கையில் இருந்த துவாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் நின்றார். மாமி பேசாமல் நின்று நான் கண்டது அன்றைக்குத்தான். வானம் மங்கிக்கொண்டு போனது. நான் ஒன்றே ஒன்றைத்தான் நினைத்தேன். நாலே முக்காலிலிருந்து ஐந்தே முக்கால் வரை. தேத்தண்ணீர். ரேடியோ. ஒவ்வொரு சட்டையாக அயன்.

முகம் தெரியாத அளவுக்கு இருட்டியபோது சத்தம் கேட்டது. போட் பின்னால் பலகையை இழுத்துக்கொண்டு வந்தது. அவர் போட்டில் குந்திக்கொண்டிருந்தார், யாருடையவோ சாரத்தைப் போர்த்துக்கொண்டு. உதடு நடுங்கியது.

போட்டுக்காரர் முதலில் இறங்கினார். என்னிடம்தான் வந்து சொன்னார்.

"ரெண்டு மைல் தள்ளி. பலகையில காலத் தொங்கப் போட்டுக்கொண்டு இரிந்தாரு, பஸ்ஸுக்குப் பாத்துக்கொண்டிரிக்கிற ஆள் போல. பயந்திட்டீங்களா எண்டு கேட்டன். ஏன் பயப்பிட, அக்காக்குத் தெரியும், அஞ்சரை ஆகக்குள்ள சொல்லிரிப்பா, வருவீங்க எண்டுதான் இரிந்தன் எண்டாரு."

அவர் இறங்கி மணலில் நடந்து நேரே என்னிடம் வந்தார். இருபது பேருக்கு மேல் நின்றார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"வந்திட்டன்."

நிறுத்துவதற்கு மெஷின் இல்லை. நான் துவாயை நீட்டினேன். மாமி மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. உள்ளே எடுத்து வைத்ததால் காய்ந்தும் இருந்தது. அவர் அதை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த இருட்டில் மடிப்பையும், முடிச்சு இல்லாததையும் கண்டாரா என்று எனக்குத் தெரியாது. பிறகு விரித்துத் தலையைத் துடைத்தார்.

அடுத்த நாள் காற்று இல்லை. மூன்றரைக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தார், போட்டில் ஏற்றும்போது ஒரு தையல் விட்டிருந்தது. இரண்டு பேருமாகப் பிடித்துத் தைத்தோம். துவாயை நம்பி நான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்ததை அவரிடம் சொல்லவில்லை.